அந்த அலறல் படத்தில் இல்லை

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். எதிலோ ஆரம்பித்த பேச்சு வழக்கம்போல சினிமாவில் வந்து நின்றது. "மறக்கவே முடியாத காட்சின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார். இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக என்னிடம் ஒரே பதில்தான். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில், வெளியூர் போயிருந்த அப்பா திரும்பி வருகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. புயலில் சிதைந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய புடவை வருகிறது. "அதைக் கையில வாங்கினதும் அந்த அம்மா ஒரு அலறல் அலறுவாளே, இன்னும் என் காதுல இருக்கு" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "அலறலா? அந்த இடத்துல அவ குரலே கேட்காதே. வாத்தியம்தானே வரும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் படங்களைத் துல்லியமாக ஞாபகம் வைத்திருப்பவர்தான், ஆனாலும் இதில் என்னை யாரும் திருத்த முடியாது என்று தோன்றியது. அந்தக் குரலை அவருக்கு விளக்கிச் சொன்னேன். முதலில் தொண்டைக்குள் எங்கோ சிக்கிக்கொள்ளும். பிறகு மேலே ஏறும். உச்சியில் இரண்டாகப் பிளக்கும். மூச்சு தீர்ந்து ஓர் இடைவெளி விழும். பிறகு முன்பைவிடச் சின்னதாக மறுபடியும் வரும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்ற. ஆனா படத்துல இல்ல. போட்டுப் பார்" என்றார்.

போட்டுப் பார்க்கவில்லை. மூன்று வாரம் பார்க்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் வேறு நாலைந்து படங்களை உட்கார்ந்து பார்த்து முடித்திருக்கிறேன், அதில் இரண்டு சுத்தமாகத் தேறாதவை. பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது தவறாக இருந்தால் எனக்கு லாபம் ஒன்றுமில்லை. சரியாக இருந்துவிட்டால், கிட்டத்தட்ட இருபது வருடங்களாக நான் யாரிடமெல்லாமோ உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தது எந்தப் படத்தைப் பற்றி?

இது ஊரறிந்த வியாதி என்பது ஓர் ஆறுதல். 1942-இல் வந்த 'காசாபிளாங்கா'விலிருந்து உலகமே மேற்கோள் காட்டும் வசனம், "மறுபடியும் வாசி, சாம்." படத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. இங்க்ரிட் பெர்க்மன் கேட்பது "வாசி, சாம்" என்று மட்டும்தான். 'மறுபடியும்' என்பது பார்த்தவர்கள் சேர்த்தது. சேர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போய்விட்ட காலம் ஒரு பாட்டின் வழியாகத் திரும்பி வருவதுதானே அந்தக் காட்சி. அங்கே இருந்திருக்க வேண்டிய சொல் அது. பார்த்தவர்களுக்கு அது கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' இன்னும் பெரிய வேடிக்கை. 1960-இல் வந்த கருப்பு வெள்ளைப் படம். அதன் குளியலறைக் கொலையில் சிவப்பு ரத்தம் தண்ணீரோடு சுழன்று ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாக என் சித்தப்பா ஒருவர் அடித்துச் சொல்வார். ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றப்பட்டது சாக்லெட் சிரப். கருப்பு வெள்ளையில் அதுதான் ரத்தம் மாதிரித் தெரியும். சித்தப்பா பார்த்த சிவப்பு அந்தப் படச்சுருளில் எந்த மூலையிலும் கிடையாது. கத்தி உடம்புக்குள் இறங்குவதையும் பலர் பார்த்திருக்கிறார்கள். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிவது, ஓங்கும் கை, திறந்த வாய், ஷவர், திரைச்சீலை, கால், மறுபடியும் கை. 78 கோணங்களில் கேமராவை வைத்து, 52 வெட்டுகளாகத் தொகுத்து, முக்கால் நிமிடத்துக்கு ஏழு நாள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பெல்லாம் எதையும் முழுதாகக் காட்டாமல் இருப்பதற்காக. கொலையை ஹிட்ச்காக் செய்யவில்லை, சித்தப்பாதான் செய்தார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவருக்கு அது பிடிக்காது.

இப்படி அடுத்தவர்களின் தவறான ஞாபகங்களை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போட்டுப் பார்த்தபோது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டேன். நேராக அந்த இடத்துக்கு ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் வரவில்லை. முதலிலிருந்து பார்த்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தில், கீறல் விழுந்த பிரிண்டில், பின்வரிசையில் புரொஜெக்டர் கடகடக்கப் பார்த்த படம் இப்போது திரையில் துடைத்துவிட்டது போல இருந்தது. துர்கா இறந்தாள். அப்பா வந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சாமான்களை எடுத்துக் காட்டினார். புடவையை எடுத்தார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

நண்பர் சொன்னது சரி. துர்காவின் அம்மா சர்பஜயா அந்தப் புடவையை வாயோடு அழுத்திக்கொள்கிறாள், முகம் உடைகிறது, வாய் திறக்கிறது. குரல் வரவில்லை. அந்த நொடியில் ஒரு வாத்தியம் உச்சத்தில் எழுந்து காட்சி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதன் பெயர் தார்ஷெனாய். பெயரில் ஷெனாய் இருந்தாலும் ஊதுகிற வாத்தியம் இல்லை. எஸ்ராஜ் என்ற நரம்பு வாத்தியத்தில் ஒலியைப் பெருக்கும் ஒரு குழல் பொருத்தி, வில்லால் இழுப்பது. சிதார் கலைஞர் ரவிசங்கர் அந்தப் படத்தின் இசையை ஏறக்குறைய ஒரே இரவில் பதிவு செய்து கொடுத்தார். இந்த இடத்துக்கு வந்தது பட்தீப் ராகம். நடிகை கருணா பானர்ஜி அழுத ஒலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சத்யஜித் ராய் வாத்தியத்தை வைத்துவிட்டார்.

சரி, வாத்திய ஒலியைத்தான் நான் குரலாக ஞாபகம் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். உச்சஸ்தாயி, நீளம், அழுகை போன்ற இழைவு, மாறிப்போக வாய்ப்பிருக்கிறது. ஆனால் அந்தச் சமாதானம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாத்தியம் இழைகிறது, தொடர்ந்து போகிறது. எனக்குள் இருந்த குரல் விட்டு விட்டு வருவது. நடுவில் மூச்சு வாங்குவது. ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, வெறும் படத்தை ஓடவிட்டு, என் ஞாபகத்தில் இருக்கும் அலறலை அந்த வாயில் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் அலறல் நீளமாக இருந்தது. காட்சி முடிந்த பிறகும் மிச்சம் இருந்தது.

ஐந்தாறு முறை இப்படிச் செய்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அந்தக் குரலில் ஓர் எதிரொலி இருந்தது. நான்கு பக்கமும் சுவர் உள்ள சின்ன அறையில், கதவு சாத்தியிருக்கும்போது வருகிற மாதிரியான எதிரொலி. இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் கவனித்ததில்லை. படத்தில் அவர்கள் இருப்பது திறந்த வெளியில். கூரை பறந்துபோன வீடு அது. அங்கே எதிரொலிக்கச் சுவரே இல்லை. ஆக, இந்தக் குரல் படத்தில் பிறந்ததே இல்லை. வேறெங்கோ இருந்து வந்து அந்த வாய்க்குள் குடியேறியிருக்கிறது.

விளிம்புக்கு வெளியே

நினைவைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் செய்த சோதனைகள் 1932-இல் நூலாக வந்தன. பழக்கமில்லாத ஒரு பூர்வகுடிக் கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, மாதம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. கூடவே சொல்பவரின் உலகத்துக்கு ஏற்றபடி மாறியது. துடுப்புப் போடும் கானோ சாதாரணப் படகாயிற்று. புரியாத ஆவிகள் காணாமல் போயின. அலமாரியில் வைத்த பொருளை எடுப்பது போல நாம் ஞாபகத்தை எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம் என்றார் அவர். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் என் விஷயத்தில் பொருந்தும் என்று நினைக்கவில்லை. நினைவைப் பற்றி எவ்வளவு படித்தவருக்கும் தன் நினைவு மட்டும் விதிவிலக்குதான்.

அதைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது 1989-இல் ஹெலன் இன்ட்ராப், மைக்கேல் ரிச்சர்ட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு. புகைப்படங்களைக் காட்டிவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். படங்களில் பொருள்கள் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தன. வரைந்தவர்கள் அவற்றை முழுசாக்கி, அதற்கு அப்பாலும் கொஞ்சம் இடம் விட்டு வரைந்தார்கள். படத்தில் இல்லாத வெளியைப் பார்த்ததாகவே அவர்களுக்கு ஞாபகம். படச் சட்டத்துக்கு வெளியே உலகம் தொடர்கிறது என்பது நம் மூளைக்கு அவ்வளவு நிச்சயம். சினிமாவோ முழுக்க முழுக்கச் சட்டத்துக்குள் வெட்டி வைக்கப்பட்டது. ஒரு காட்சி எதை வெட்டியிருக்கிறதோ அதை நாம் போட்டு நிரப்புகிறோம். எதைக் கொண்டு நிரப்புவோம்? கையில் இருப்பதைக் கொண்டுதான்.

படச்சுருள் காலத்துத் தகவல் ஒன்று: நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும்போது, ஒரு சட்டம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்வரை ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். கூட்டிப் பார்த்தால் திரை கிட்டத்தட்டப் பாதி நேரம் இருட்டாகவே இருக்கும். இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் ஒரு மணி நேரம் நாம் எதையுமே பார்ப்பதில்லை. இதை எடுத்து ஓர் அழகான உவமையாக்கும் ஆசை வருகிறது. வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

உணர்ச்சி இல்லாமல் எதுவும் நிற்காது என்பதும் உண்மைதான். 1994-இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காவ் குழுவினர் சிலருக்கு வரிசையாகப் படங்களைக் காட்டி ஒரு கதை சொன்னார்கள். நடுவில் ஒரு சிறுவன் விபத்தில் அடிபடுகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, கதையின் மற்றப் பகுதிகளைவிட அந்த விபத்துப் பகுதிதான் தெளிவாக நின்றிருந்தது. ஆனால் அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் தெளிவு இல்லை. நெஞ்சு படபடத்தால்தான் மூளை அடிக்கோடு போடுகிறது. ஆனால் படபடப்பு மட்டும் போதாது. எத்தனை படங்களில் எத்தனை பேர் கதறி அழுதிருக்கிறார்கள், ஏழு பேர் சுற்றி நின்று அழுத காட்சிகள் உண்டு. பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. வாசல் தாண்டி வெளியே வரும்போது எல்லாம் உலர்ந்துவிடும். அங்கே எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இருந்ததில்லை. எனக்காகவும் சேர்த்து அவர்களே அழுது முடித்துவிடுகிறார்கள்.

நடிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குலெஷோவ் சோதனையை யாராவது இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். ரஷ்யாவில், நூறு வருடத்துக்கு முன்பு, மோஸ்ஷூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார் லெவ் குலெஷோவ். பசி, துக்கம், ஆசை என்று ஒரே முகத்தில் மூன்று பாவங்களைக் கண்டு பார்த்தவர்கள் வியந்தார்களாம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அந்தப் படத்துண்டு இன்று இல்லை. கூட இருந்த புதோவ்கின் ஒரு மாதிரி சொல்கிறார், குலெஷோவ் வேறு மாதிரி சொல்கிறார். எந்தப் பொருள் எதன் பக்கத்தில் ஒட்டப்பட்டது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. பார்வையாளர்கள் இல்லாததைப் பார்ப்பார்கள் என்று நிரூபித்த சோதனையையே நாம் ஞாபகங்களை நம்பித்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது முறை வரும்போது

ஒரு காட்சி நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தின் மூலம். 'மூன்றாம் பிறை'யை முதலில் பார்த்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தொலைக்காட்சியில் போட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இடையிடையே எழுந்து விளையாடப் போய்விட்டேன். கடைசிக் காட்சிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தேன். மழை, ரயில் நிலையம், சேறு பூசிய ஆள் ஒருவன் நொண்டிக்கொண்டே ரயில் ஜன்னலுக்கு வெளியே பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குரங்கு மாதிரி குட்டிக்கரணம் போடுகிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள், ரத்தம் கட்டுகிற அளவுக்கு. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

பெரியவனாகி முழுதாகப் பார்த்தபோது அந்தக் கிள்ளல் புரிந்தது. அந்தக் குரங்கு விளையாட்டு முன்பே வந்துவிட்டது. விஜி குழந்தை மனத்தோடு இருந்த நாட்களில் அவளைச் சிரிக்க வைக்க சீனு செய்தது அது. இப்போது அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது. அதனாலேயே அவனை அவளுக்குத் தெரியவில்லை. தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள அவனிடம் வேறு சான்று எதுவும் கிடையாது, அந்த விளையாட்டைத் தவிர. அவள் கண்ணுக்கு அவன் ஒரு பைத்தியம். அதாவது, ஒன்பது வயதில் நான் பார்த்தது விஜி பார்த்த காட்சியை. முன்கதை தெரியாத கண்ணுக்கு அது வெறும் கோமாளித்தனம். கமல்ஹாசனுக்கும் பாலு மகேந்திராவுக்கும் அந்தப் படத்துக்காக தேசிய விருது கிடைத்தது, நடிப்புக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று. ஆனால் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது இரண்டு மணி நேரமாக நாம் சேர்த்து வைத்திருக்கும் ஞாபகம். அவள் மறந்ததை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ரயில் போன பிறகு அதைக் கொடுக்க ஆளில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு'வில் ஊஞ்சலில் உட்கார்ந்து கிழவர் பனியில் பாடுகிற காட்சியும் இதே ஜாதிதான். 1952-ஆம் வருடத்துப் படம். சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகு ஓர் இரவு மதுக்கடையில் அவர் அதே பாட்டைப் பாடியிருக்கிறார், கேட்டவர்கள் நடுங்கி விலகுகிற மாதிரி. இரண்டாவது முறை பாடும்போது பாட்டு மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறார். அதுவும் நமக்கு அவர் இறந்த பிறகுதான் காட்டப்படுகிறது. முதல் முறையைக் கேட்காதவருக்கு இரண்டாவது வெறும் பாட்டு.

இதனால்தான் 'மறக்க முடியாத பத்துக் காட்சிகள்' என்று மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கி வருகிற வீடியோக்களில் எனக்கு ஒப்புதல் கிடையாது. நானும் பார்க்கிறேன், ராத்திரி ஒரு மணி வரை பார்க்கிறேன், அது வேறு. ஆனால் அவற்றில் படத்தை ஏற்கெனவே பார்த்தவன்தான் அழுகிறான். பார்க்காதவனுக்கு ஒன்பது வயதுப் பையனுக்கு என்ன கிடைத்ததோ அதுதான் கிடைக்கும், கிள்ள அக்காவும் இருக்க மாட்டாள். என் அண்ணன் மகனிடம் 'பதேர் பாஞ்சாலி'யில் அப்பு அந்த மணிமாலையைக் குளத்தில் எறிகிற காட்சியை ஆசையாகக் காட்டினேன். "பாசி நல்லாருக்கு" என்றான். துர்கா திருடவில்லை என்று சாதித்த மாலை அது என்பதும், அவள் போன பிறகு தம்பி கையில் அது கிடைத்தால் என்ன அர்த்தம் என்பதும், எறிந்த இடத்தைப் பாசி மறுபடியும் மூடும்போது மூடப்படுவது எது என்பதும் தெரியாமல் பார்த்தால், பாசி நன்றாகத்தான் இருக்கிறது.

யாருடைய குரல்

சாத்திய அறை என்று தெரிந்ததும் எந்த அறை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. உண்மையில் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் இரண்டு நாள். எனக்குப் பத்து வயதில் பெரியப்பா இறந்தார். திடீர் மரணம். பெரியவர்கள் எல்லோரும் முன்கூடத்தில். என்னைப் பின்கட்டில் இருந்த சின்ன அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள், சின்னப் பிள்ளை பார்க்க வேண்டாமென்று. அங்கே ஒரு கட்டிலும், உயரத்தில் ஒரு ஜன்னலும், மூட்டை மூட்டையாகத் துணிகளும் இருந்தன. அன்று அந்தச் சுவர்களுக்குள் கேட்டதுதான் இந்தக் குரல். பெரியம்மாவின் அலறல். தொண்டையில் சிக்கி, மேலே ஏறி, பிளந்து, மூச்சு வாங்கி, மறுபடியும்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பத்து வயதில் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட குரலுக்கு முகம் இல்லை. அதற்குப் பத்து வருடம் கழித்து ஒரு திரையில் குரல் இல்லாத முகம் ஒன்று வருகிறது, வாய் திறந்தபடி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ராய் அந்த அழுகையை எடுத்திருக்காவிட்டால், அந்த நடிகையின் குரல் அங்கே இருந்திருக்கும், நன்றாகவும் இருந்திருக்கும், நானும் அழுதுவிட்டு விடுதிக்குத் திரும்பியிருப்பேன். பெரியம்மாவுக்கு அங்கே இடமிருந்திருக்காது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது என்று சொல்லலாம். கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் முதல் வரைவை எழுதினேன்.

எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன், கிள்ளலைப் பற்றி எழுதியதற்கு அனுமதி வாங்குகிற சாக்கில். அவள் என்னைவிட ஆறு வயது பெரியவள். அன்று முன்கூடத்தில் பெரியவர்களோடு இருந்தவள். கிள்ளல் வரும் இடத்தில் சிரித்தாள். பெரியப்பா வரும் இடத்தில் அமைதியாகிவிட்டாள். படித்து முடித்ததும், "பெரியம்மா அன்னிக்கு அழவே இல்லடா" என்றாள்.

"சத்தம் கேட்டுதே."

"அவங்க தூணுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்கல. எல்லாரும் அதுக்குத்தான் பயந்தாங்க. அழ வைங்க, அழ வைங்கன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டிருந்தாங்க."

"அப்போ யார் கத்தினது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதைக்கூடவா மறந்துவிட்டாய் என்பது போல. "நீதான். கதவைத் திறக்கச் சொல்லி. எவ்வளவு நேரம்! யாருக்கும் எழுந்து போய்த் திறக்கத் தோணல. கடைசில நான்தான் வந்து திறந்தேன். குரலே போயிருந்துது உனக்கு."

எனக்கு அந்தக் கதவு திறந்தது ஞாபகம் இல்லை. அக்கா வந்தது ஞாபகம் இல்லை. கத்தியது சுத்தமாக ஞாபகம் இல்லை. ஜன்னலும் துணி மூட்டையும் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. அக்காவின் நினைவும் நினைவுதானே, அவள் மட்டும் கட்டாமலா இருப்பாள் என்று ஒரு வாதம் மனதில் எழுந்தது. அந்த எதிரொலியை யோசித்ததும் அடங்கிவிட்டது. முன்கூடத்திலிருந்து, சாத்திய கதவைத் தாண்டி வருகிற குரல் மங்கலாகத்தான் கேட்டிருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்த குரல் மங்கியதே இல்லை. அது அறைக்குள்ளிருந்து, மிகப் பக்கத்திலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் காட்சியை மறுபடி மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். புடவை, முகம், திறந்த வாய் எல்லாம் வருகின்றன. குரல் வருவதில்லை, தார்ஷெனாய்தான் வருகிறது. சரிபார்த்ததற்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளலாம். இருபது வருடம் கூட இருந்த ஒன்று போய்விட்டதே என்று சில நாள் நண்பர் மேல் கோபமாகக்கூட இருந்தது.

போன வாரம் அவரே அழைத்தார். வேறு ஏதோ படத்தைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில், "ஆமா, அன்னிக்குச் சொன்னேனே, போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. வாத்தியம்தான்" என்றேன்.